பதினொரு பேருக்கு ஒரே நாளில் சர்க்கரை

எங்கள் அப்பாவின் மூத்திரத்துக்கு நிறம் உண்டு என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம் தொழிற்சாலையில் எந்தச் சாயத்தை அரைத்தாரோ அந்த நிறம். கறுப்பு ஓடினால் பழுப்பு, சிவப்பு ஓடினால் சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் தெளிந்துவிடும், திங்கட்கிழமை மறுபடி ஆரம்பிக்கும். ஜோகுபாளையத்தில் எங்கள் காம்பவுண்டுக்குள் ஏழு குடித்தனங்களுக்கு இரண்டு கக்கூஸ். அப்பா போய்விட்டு வந்தால் இரண்டு வாளி தண்ணீர் கூடுதலாக ஊற்ற வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். அம்மா அதை ஒரு குறையாகக்கூட நினைத்ததில்லை. ஒரு மனிதன் கலர் கலராக மூத்திரம் போவதை ஒரு குடும்பமே சகஜமாக எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறோம். இன்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அந்தத் தொழிற்சாலையின் வரலாற்றை அதிகாரிகள் எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒன்றை எழுதும் வேலை ஒரு சமயம் என் தலையிலேயே வந்து விழுந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். யுத்தக் காலத்தில் சிப்பாய்களின் காக்கித் துணிக்காகத் தொடங்கிய இடம் அது. யுத்தம் முடிந்த பிறகு மில் சேலைகளுக்குச் சாயம் போனது, பிறகு வாணியம்பாடிப் பக்கத்துத் தோல்களுக்கு, கடைசியில் கப்பலேறும் துணிகளுக்கு. கட்டியபோது ஊருக்கு வெளியே இருந்ததாம். ஊர் மெல்ல மெல்ல வந்து அதன் மதிலைத் தொட்டது. மதிலுக்குப் பின்னால் ஒரு ஏரி, அதற்கும் வாரத்துக்கு ஒரு நிறம். ஏரியைப் பார்க்கப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், கல்லூரிப் பெண்கள் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏரிக்காக வந்த அத்தனை பேரில் ஒருவர்கூட, மதிலுக்கு உள்ளே வேலை செய்கிறவன் உடம்பு எந்த நிறத்தில் இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை.

அப்பா இருந்தது அரைவைப் பிரிவு. மரத்தொட்டிகளில் ஐஸ் போட்டுக் கலக்கி எடுத்த சாயத்தைப் பிழிந்து, தட்டுகளில் உலர்த்தி, கட்டி கட்டியாக அங்கே அனுப்புவார்கள். அதை மாவாக அரைத்து டிரம்மில் அடைப்பது பதினொரு பேரின் வேலை. மூக்குக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. ஷிப்ட் முடிந்ததும் பிளீச்சிங் பவுடரைப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவுவார்கள். கையில் தோல் வெளுக்கும், காதுக்குள்ளும் இமையோரத்திலும் நிறம் அப்படியே நிற்கும். அப்பாவின் தலையணை உறையை அம்மா தனியாகத்தான் துவைப்பாள்.

தூசியை உள்ளே தங்கவிடாமல் இறக்குமென்று சொல்லி அரைவைக்காரர்களுக்குத் தினமும் ஒரு டம்ளர் பாலும் ஒரு துண்டு வெல்லமும் கொடுத்தார்கள். அப்பா பாலைக் குடித்துவிட்டு வெல்லத்தைக் காகிதத்தில் சுற்றி எங்களுக்குக் கொண்டுவருவார். ஓரத்தில் நிறம் ஒட்டியிருந்தால் அம்மா கத்தியால் சுரண்டிவிட்டுக் கொடுப்பாள். நான் தின்று வளர்ந்த வெல்லம் அது.

தொண்ணூற்றொன்றில் நானும் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். தொழிலாளியின் பிள்ளைகளில் ஒருவருக்கு வேலை என்று ஒரு ஏற்பாடு இருந்தது. நான் பி.யூ.சி. முடித்து டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். மேலாளர் அறைக்கு வெளியே ஒரு மேஜை, ஒரு மெஷின், ஒரு மின்விசிறி. மேலாளர் என்று நான் சொல்வது ஆள்களுக்கு உண்டான எல்லாக் காரியங்களையும் பார்த்தவரை. வேலைக்கு எடுப்பது, லீவு, தண்டனை, எல்லாம் அவர் கையில். வெள்ளைச் சட்டைக்காரர். அரைவைப் பிரிவுக்குள் அவர் காலெடுத்து வைத்து நான் பார்த்ததே இல்லை.

யாரோ ஒரு இன்ஸ்பெக்டர் வந்து கேட்டதால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அரைவைக்காரர்களின் மூத்திரத்தைச் சோதிக்கும் வழக்கம் ஏற்பட்டிருந்தது. ஆளுக்கு ஒரு சின்னக் கண்ணாடிச் சீசா, மேலே பெயர் எழுதிய காகிதம். புதன்கிழமை தோறும் வரும் கம்பெனி டாக்டர் அதைப் பார்த்து எழுதித் தருவார், நான் டைப் அடித்துக் கோப்பில் வைப்பேன். பதினொரு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'நார்மல்'. மெஷினைப் பார்க்காமலே அந்த வார்த்தையை அடிக்க என் விரல்களுக்குப் பழகிவிட்டது. வாரக்கணக்கில் சிவப்பாக மூத்திரம் போகும் அப்பாவுக்கு எப்படி 'நார்மல்' வருகிறது என்று கேட்க எனக்கு நான்கு வருஷம் தோன்றவில்லை. டாக்டர் பார்ப்பது நிறத்தை அல்ல, வேறு எதையோ என்று நினைத்துக்கொண்டேன். படித்த பெண் என்று பெயர் வேறு.

தொண்ணூற்றைந்தில் ஒரு புதன்கிழமை டாக்டரின் தாள் வந்தது. பதினொரு பெயர்களுக்கும் எதிரே 'சர்க்கரை உள்ளது' என்று இருந்தது. அரைவையில் இருந்த பதினொரு பேருக்கும் ஒரே நாளில் சர்க்கரை வியாதி. எனக்கே கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. டைப் அடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, இனிமே உனக்குக் காப்பியில சர்க்கரை கட். உனக்கு மட்டுமில்ல, உங்க செக்ஷனுக்கே."

அப்பா ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, அம்மா ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியதாகிவிட்டது.

"அய்யோ, நம்ம மாஸ்டருக்குச் சர்க்கரை வந்துடுச்சி போல கீது! பாவம், அவருக்கே தெரியாது!"

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் சொந்த மூத்திரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், முதல் தடவையே இரண்டு பேருக்குக் கெடுதலாக வந்தது. அந்த இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை, யார்டுக்கு அனுப்பினார்கள். வெயிலில் டிரம் உருட்டும் வேலை. பால் கிடையாது, வெல்லம் கிடையாது, ஓவர்டைம் கிடையாது. நோய் வந்ததற்குத் தண்டனை மாதிரி. அதைப் பார்த்துப் பயந்துபோன மற்றவர்கள், வந்து சேர்ந்த இரண்டு புது ஆள்களையும் சேர்த்துக்கொண்டு, கேன்டீன் மாஸ்டரிடம் போய் நின்றார்கள்.

மாஸ்டர் ஆஸ்டின் டவுன்காரர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். சாயத்தின் பக்கமே போகாத உடம்பு. சீசா கொடுக்க வேண்டிய நாளில் அவர் இரண்டு சொம்பு மோர் கூடுதலாகக் குடிப்பார். கேன்டீன் பின்னால் ஒரு பாத்திரத்தில் போய்விட்டு, பதினொரு சீசாவிலும் அளந்து ஊற்றிக் கொடுப்பார். நான்கு வருஷமாக நான் 'நார்மல்' என்று அடித்ததெல்லாம் அந்த ஒரு மனிதரின் உடம்பைப் பற்றி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். காம்பவுண்டு முழுக்க அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தோம். மாஸ்டர் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார். அரைவைக்காரர்கள் ஒரு லாரி டிரைவரைப் பிடித்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பதினொரு பேருக்கும் ஒரே நாளில் சர்க்கரை குணமாகிவிட்டது என்று நானே டைப் அடித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

தொண்ணூற்றேழில் ஏற்றுமதிக்குப் பெரிய ஆர்டர் வந்தது. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அப்பாவின் மூத்திரம் தெளிய நாளே கிடைக்கவில்லை. ஒரு வருஷம் அப்படியே போனது, யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. பிறகு நிர்வாகத்துக்கும் யூனியனுக்கும் தகராறு வந்து கேட்டைப் பூட்டினார்கள். ஆறு வாரம் லாக்அவுட். முதல் வாரம் போனது, இரண்டாவது வாரம் போனது. அப்பா கக்கூஸிலிருந்து வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காருவார், கேட்டால் ஒன்றுமில்லை என்பார். நான்காவது வாரத்தில் அம்மா பார்த்துவிட்டாள். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"சேப்பு ஓடி ஒரு மாசம் ஆச்சேம்மா. அப்புறம் ஏன் இன்னும் சேப்பாவே போவுது?"

அது ரத்தம். ஒரு வருஷமாக ரத்தம். சாயம் என்று நினைத்து இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தோம்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். மூத்திரப்பையில் புற்று, நன்றாக வளர்ந்துவிட்டது என்றார். பையை எடுத்துவிட்டு, வயிற்றோரம் துளை போட்டு வெளியே ஒரு பை மாட்ட வேண்டும் என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னை உலுக்கிவிட்டது.

"என்ன வேலை செய்யறார்?"

சொன்னேன்.

"இவரோட இன்னும் எத்தனை பேர்?"

"பத்து பேர்."

"அவங்க யாராவது வந்து காட்டினாங்களா? உடனே வரச் சொல்லுங்க. சின்னதா இருக்கும்போதே பார்த்தா உள்ளேயே கருக்கி எடுத்துடலாம். தள்ளிப்போட்டா இவர் மாதிரிதான்."

அந்தப் பத்து பேரையும் வரவழைக்க வேண்டும். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

லாக்அவுட் முடிந்து கேட்டைத் திறந்தபோது செய்தியும் சேர்ந்தே வந்தது. தொழிற்சாலையை மூடப் போகிறார்கள், நிலத்தை விற்கப் போகிறார்கள். தொழிலாளிகளுக்கு ஒரு தொகை கொடுத்து அனுப்புவார்கள். அதை வாங்குகிறவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: 'வேலையின் காரணமாக எனக்கு எந்த நோயும் இல்லை, நல்ல உடல்நலத்தோடு விலகுகிறேன்.' இந்த வரியை அத்தனை படிகளுக்கும் டைப் அடித்தவளும் நான்தான். கையெழுத்து இரண்டு மாதம் கழித்து.

அதே வாரத்தில் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, மூடுவதற்கு முன்னால் கம்பெனியின் வரலாறு ஒன்றை மலராகப் போட வேண்டும், பழைய கோப்புகளைப் பார்த்துத் தொகுத்துக் கொடு என்றார். முதலாளி மரம் நடும் படம், மந்திரி கைகுலுக்கும் படம், இப்படி. நான் போய்ப் பழைய பீரோவைத் திறந்தேன். மருத்துவ ரிஜிஸ்டர் கையில் அகப்பட்டது. சர்க்கரைப் பக்கத்தைத் தேடினேன். அதில் கம்பெனி டாக்டர் மேலாளருக்கு எழுதிய ஒரு கடிதம் குத்தியிருந்தது. அது என் மெஷினில் அடித்தது அல்ல, டாக்டரின் கையெழுத்து. இந்தப் பதினொரு சீசாக்களும் ஒரே ஆளுடையவை என்று தெரிகிறது, என் கண் முன்னால் மறுபடி எடுக்க வேண்டும், அரைவைக்காரர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்ப்பது நல்லது என்று எழுதியிருந்தார். கீழே பச்சை மையில் மேலாளர் ஒரே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். 'தேவையில்லை.'

தொண்ணூற்றைந்தில் எழுதிய 'தேவையில்லை' அது. அன்றைக்கே அனுப்பியிருந்தால் அப்பாவுக்கும் சின்னதாக இருக்கும்போதே பிடித்திருப்பார்களோ என்னவோ. டாக்டரையும் நான் விடமாட்டேன். ஒரு கடிதம் எழுதினார், பதில் வந்ததும் வாயை மூடிக்கொண்டு அடுத்த புதன்கிழமை வந்து கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகும் மூன்று வருஷம் போட்டார்.

ரிஜிஸ்டரோடு மேலாளர் அறைக்குப் போனேன். அவருக்கு முகம்கூட மாறவில்லை.

"மூத்திரம் மாத்திக் கொடுத்தது யாரு? நானா? உங்க அப்பா என்ன பால் குடிக்கிற குழந்தையா? ஃபிராடு பண்ணினது அவங்க. வெளியே சொன்னா அவங்களுக்குத்தான் அசிங்கம். செட்டில்மென்ட்டும் விசாரணையில நின்னுடும். யோசிச்சுக்கோ."

நான் யோசித்தேன். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான் எனக்கு அடங்கவில்லை. ஏமாற்றியது இவர்கள்தான். ஆனால் இவர்கள் ஏமாற்றியது பயத்தில். அவர் ஏமாந்தது மாதிரி நடித்தது சௌகரியத்துக்காக. மலரை நான் தொகுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வேறு யாரையோ வைத்து எழுதி அச்சடித்தார்கள். ரிஜிஸ்டரை நான் பீரோவில் திரும்ப வைக்கவில்லை. டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மறுநாள் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் அரைவைக்காரர்கள் பத்து பேரையும் நிறுத்திப் பேசினேன். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். ஒருவர் டீ கிளாஸைப் பலகையில் தட்டி வைத்தார்.

"ஏம்மா, எங்க வயித்துல அடிக்காதே. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போய் சீட்டு வாங்கினா, நோய் இல்லேன்னு எப்படிக் கையெழுத்துப் போடறது? ரெண்டு மாசம் பொறு. வாங்கிட்டு நாங்களே போறோம்."

"ரெண்டு மாசத்துல இன்னா ஆவப் போவுது?" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் கலைந்தார்கள். ஒருவர் மட்டும் நின்றார். பதினொரு பேரில் வயதில் சின்னவர், ஆனேக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். அப்பாவுக்குத் தம்பி மாதிரி, எனக்குச் சித்தப்பா. மூன்று பெண் குழந்தைகள்.

"பாப்பா, யார்கிட்டயும் சொல்லாதே. எனக்கும் அப்படியே. லாக்அவுட்ல கூட நிக்கலை."

"சித்தப்பா, இன்னிக்கே வா. நான் கூட்டிட்டுப் போறேன்."

"சைன் பண்ணிட்டு நானே பர்தீனி, வந்துடறேன் பாப்பா. மூணு பொண்ணு இருக்குது. அந்தப் பணம் இல்லேன்னா ஏன் மாடது, என்ன பண்றது?"

அவரும் போய்விட்டார். டீக்கடையில் நின்று நான் கத்தின கத்தலில் கடைக்காரர் பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அப்பா ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. கேன்டீன் மாஸ்டர் பார்க்க வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "என் உடம்பு சுத்தமா இருந்தது ஒரு பாவமாண்ணே? நான் குடுக்காம இருந்திருந்தா உன்னை அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பாங்களே" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்து, "நாங்க கேட்டோம், நீ குடுத்தே. வுடு" என்றார். மாஸ்டர் போன பிறகு, ஆனேக்கல் சித்தப்பா சொன்னதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொன்னதை நான் காப்பாற்றவில்லை, அதற்காக வருத்தமும் இல்லை.

அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"சட்டைய எடு. ஆனேக்கல் போவலாம்."

அம்மா அழுதாள், திட்டினாள், வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அப்பா கேட்கவில்லை. மார்க்கெட்டுக்கு ஆட்டோ, அங்கிருந்து ஆனேக்கல் பஸ். ஓட்டை ரோட்டில் பஸ் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு குழிக்கும் அப்பா வேட்டியோடு சேர்த்துப் பையைப் பிடித்துக்கொள்வார். பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார். நான் அந்த ஆளைப் பார்த்த பார்வையில் அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

சித்தப்பா வீடு ஷீட் போட்ட ஒற்றை அறை. எங்களைப் பார்த்ததும் அவர் வாசலுக்கு ஓடிவந்தார்.

"யாக்கேண்ணா, ஏன் நீங்க வந்தீங்க? சொல்லி அனுப்பினா நானே வந்திருப்பேனே."

"நீ வரமாட்டேன்னுதான் வந்தேன்" என்றார் அப்பா. உட்காரவில்லை. சித்தி தண்ணீர் கொண்டுவந்து நின்றாள். அப்பா என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. வேட்டியை ஒரு பக்கமாக விலக்கி, வயிற்றோரம் தொங்கிய பையைக் காட்டினார். என் அப்பா சட்டையில்லாமல் வெளி ஆட்கள் முன்னால் நிற்கக்கூட வெட்கப்படுகிற மனிதர்.

"பாருடா. நான் ஒரு வருஷம் சாயம்னு நெனச்சிகினு இருந்தேன். நீ ரத்தம்னு தெரிஞ்சே ரெண்டு மாசம் பொறுக்கறேங்கறே. உனக்கும் இது வோணுமா?"

சித்திக்கு ஒன்றும் தெரியாது. பையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். கன்னடத்தில், உனக்கும் இப்படியா என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் இன்னொரு தரம் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். தண்ணீர் சொம்பைத் தரையில் வைத்தாள், கொடியில் கிடந்த துணியை இழுத்து ஒரு ஒயர் கூடையில் திணிக்க ஆரம்பித்தாள்.

"பேப்பர்..." என்றார் சித்தப்பா.

"நீ இருந்தாத்தானே சைன் போடறதுக்கு" என்றாள் அவள், எனக்கும் புரியட்டும் என்று தமிழில்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு சீசாவைக் கொடுத்தபோது, கக்கூஸ் கதவைச் சாத்தவிடாமல் சித்தி அங்கேயே நின்றாள். டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார். இருந்தது, ஆனால் சின்னது. உள்ளேயே கருக்கி எடுத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு மாதம் கழித்து வந்திருந்தால் என்னால் இதைச் சொல்லியிருக்க முடியாது என்றார்.

அன்றைக்கு மத்தியானமே நான் மேலாளர் அறைக்குப் போனேன். 'தேவையில்லை' பக்கத்தின் ஜெராக்ஸை அவர் மேஜையில் வைத்தேன்.

"ஒரிஜினல் என்கிட்ட இருக்கு சார். கையெழுத்துத் தாள்ல அந்த உடல்நலம் வரிய எடுத்துடுங்க. எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். யாருக்கும் விசாரணை கிடையாது. இல்லேன்னா இது பத்திரிகைக்குப் போகும்."

"அது கம்பெனி சொத்து. திருட்டு கேஸ் போடுவேன்."

"போடுங்க சார். கோர்ட்ல அதை எடுத்துப் படிப்பாங்க."

அவர் ஜெராக்ஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அந்த வரி இல்லாத புதுத் தாளை என்னிடமே டைப் அடிக்கக் கொடுத்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் நல்லவள் மாதிரி பேசவில்லை. மற்ற அரைவைக்காரர்களை ஒருவர் விடாமல் மிரட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஒன்பது பேரும் போனார்கள். ஏழு பேருக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கு நாள் கடந்திருந்தது.

அப்பா அந்த மழைக்காலத்தில் போய்விட்டார். புற்று எலும்புக்குப் போயிருந்தது. கடைசி மூன்று வாரம் அவர் பட்ட பாட்டை எழுத என் கைக்கு இன்னும் தைரியமில்லை.

உடம்பை வாசலில் கிடத்தியிருந்தபோது கம்பெனிக் கார் வந்து நின்றது. மேலாளர் இறங்கினார். கூட வந்த ஆள் ஒரு பெரிய ரோஜா மாலையைத் தூக்கிக்கொண்டு வந்தான். நிர்வாகத்தின் பெயரெழுதிய அட்டை அதில் தொங்கியது. மேலாளர் மாலையை அப்பாவின் மார்பில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். எழுந்து போய் ஏதாவது செய்துவிடுவேன் என்று தெரிந்து அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஆனேக்கல் சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, அப்பாவின் மார்பிலிருந்து அந்த மாலையை எடுத்தார். வாசலைத் தாண்டிப் போய்ச் சாக்கடையோரம் போட்டார். திரும்பி வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தார்.

"யார் இந்த ஆள்?" என்று மேலாளர் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பாவே சொன்னார், உட்கார்ந்த இடத்திலிருந்து, தலையைத் திருப்பாமல்.

"ஒன்பது வருஷம் உங்க அரைவையில கெலசம் பண்ணினேன் சார். அண்ணா வந்து கூப்பிட்டாரு, அதனால உயிரோட இருக்கேன்."